கொடைக்கானல் போனா போட்டிங் மட்டும்தானா?

எங்க ரெட்டியார்சத்திரத்தில் நின்று தென்மேற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் தெரியும். காலேஜ் டூர் என்றாலே அதன் மேலிருக்கும் கொடைக்கானல்தான். ஏரி, போட்டிங், தூண் பாறை, குணா குகை, சாக்லேட். முடிந்தது! இந்த லிஸ்டில் செண்பகனூர் மியூசியத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

1895-ல் இயேசு சபைப் பாதிரியார்கள் தொடங்கியது. மலையில் வாழும் விலங்குகள், பறவைகள், பாம்புகளைப் பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். பழங்கால மக்கள் விட்டுப்போன பொருட்களும் உண்டு.

அதோடு நிறுத்தினால் பாதிதான். இறங்கும்போது பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடிக்கு வாருங்கள். அந்தப் பக்கம் கல்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே பெரிய கல்லை மூடியாக வைத்த பெருங்கற்காலச் சின்னங்கள். ஆங்க்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் இவற்றை ஆராய்ந்து எழுதியதை 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை புத்தகமாகவே போட்டது.

மியூசியத்தில் இருப்பதற்குக் கண்ணாடிப் பெட்டி காவல். காட்டில் நிற்கும் கல்லுக்கு? அது என்னவென்று தெரிந்தவன்தான் காவல். தெரியாதவனுக்கு அது பேர் கிறுக்கும் பாறை. பேராசைக்காரனுக்குப் புதையல் குழி.

மெஷின் உடைந்தால் கணக்கில் தேய்மானம் எழுதிவிட்டுப் புதுசு வாங்கலாம். கல்திட்டையை எந்தக் கடையில் வாங்குவது?

அதனால் அடுத்த டூரில் முதலில் மியூசியம், அப்புறம் தாண்டிக்குடி. போட்டிங் ஒரு ரவுண்டு குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. என்ன சொல்றீங்க மக்களே?