ஓடும் ஆற்றிலும் ஓர் அளவு

 

வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் திருச்சிக்கு வந்திருந்தபோது என்னைக் காண வந்தார். அஸ்ர் தொழுகை முடிந்ததும், ஸ்ரீரங்கத்தில் கார் பட்டறை வைத்திருக்கும் தம் பள்ளித் தோழரைப் பார்த்துவர என்னையும் உடன் அழைத்தார். காவிரிப் பாலத்தைக் கடந்து பட்டறையை அடைந்தோம். தேநீர் வருவதற்குள் நண்பர்களிடையே வாதம் மூண்டுவிட்டது. மணலிலும் மலையிலும் ஓடும் சொகுசு ஜீப்புகளுக்கு இனி ஏற்றது மின்சாரமா, ஹைட்ரஜனா என்பதே அவ்வாதம்.

மாணவர் ஹைட்ரஜன் கட்சி. "பாலைவனத்தில் சார்ஜ் ஏற்ற எங்கே போவது? பேட்டரியின் கனத்தால் சக்கரம் மணலில் புதையும். ஹைட்ரஜனை ஐந்தே நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு புறப்படலாம். புகையும் இல்லை, வெளிவருவது நீர்தான்" என்றார். சான்றுகளையும் அடுக்கினார். டாட்டா மோட்டார்ஸ் 2008ஆம் ஆண்டில் வாங்கிய ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனம், தன் டிஃபெண்டர் ஜீப்பை ஹைட்ரஜனில் ஓட்டிப் பார்க்கும் திட்டத்தை 2021இல் அறிவித்தது. பிரிட்டனின் இனியோஸ் நிறுவனம், கிரனேடியர் ஜீப்பின் ஹைட்ரஜன் மாதிரியை 2023இல் மக்கள்முன் காட்டியது.

பட்டறைக்காரர் விடுவதாக இல்லை. "மாதிரி வண்டி வேறு, கடைக்கு வரும் வண்டி வேறு. மெர்சிடிஸின் மின்சார ஜீப்பான ஜி 580, 2025 ஜனவரியிலேயே இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார். 85 சென்டிமீட்டர் ஆழ நீரிலும் இறங்கிச் செல்லும். ஹைட்ரஜனை எங்கே நிரப்புவாய்? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலேயே, கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை ஷெல் நிறுவனம் 2024இல் மூடிவிட்டதே!" என்றார்.

பின்னர் இருவரும் என்னை நோக்கி, "ஹஜ்ரத், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றனர். கலைப்பிரிவில் படித்த எனக்கு இயந்திர நுட்பம் ஏது? ஆகவே, கணக்கை மட்டும் விளக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

ஹைட்ரஜன் ஜீப்பும் ஒரு மின்சார வாகனமே. ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேரும்போது பிறக்கும் மின்சாரமே அதன் மோட்டாரைச் சுழற்றுகிறது. ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரித்தெடுக்க, ஏறத்தாழ 50 முதல் 55 யூனிட் மின்சாரமும் 9 லிட்டர் நீரும் வேண்டும். அதனைக் கடும் அழுத்தத்தில் உருளைக்குள் அடைக்க மேலும் மின்சாரம் செலவாகும். அந்த ஒரு கிலோ, ஒரு காரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கொண்டுசெல்லும். அதே 50 யூனிட்டை நேராகப் பேட்டரியில் ஏற்றினால், நடுத்தரக் கார் ஒன்று 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். அதுவுமன்றி, இன்று உலகில் கிடைக்கும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே எடுக்கப்படுகிறது.

இதைக் கேட்டதும், மதரஸாவில் சிறுவர்களுக்கு நாம் நடத்தும் ஒளுவின் பாடமே எனக்கு நினைவில் வந்தது. ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்பதன்றோ அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கம்! காவிரி கரைபுரண்டு ஓடினாலும் நமக்கு உரியது நம் தேவையின் அளவே. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், காருக்குப் பேட்டரியே சிக்கனமானது என்றேன். அதற்காக ஹைட்ரஜனைத் தள்ளிவிட வேண்டியதில்லை. 2025 ஜூலையில், ஹைட்ரஜனால் இயங்கும் ரயில் பெட்டியைச் சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலை சோதித்து வெற்றி கண்டது. குறித்த தடத்தில் பெருஞ்சுமை இழுக்கும் ரயில் போன்றவற்றுக்கு அது உதவக்கூடும்.

பட்டறைக்காரர் முகம் மலர்ந்தது. "சற்றுப் பொறுங்கள், தம்பி! உங்கள் கட்சிக்கும் கணக்கு உண்டு" என்றேன். அவர் புகழ்ந்த ஜீப்பின் எடை 3,000 கிலோவுக்கு மேல். விலை, அறிமுகத்தின்போதே 3 கோடி ரூபாய். அதன் பேட்டரி கொள்ளும் மின்சாரம் 116 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதங்களில் 100 யூனிட் இலவசம் என்று நம் மாநில அரசு 2016இல் அறிவித்தபோது எத்தனை ஏழைத் தாய்மார்கள் மகிழ்ந்தார்கள்! இரு மாதம் விளக்கெரிக்கக் கிடைத்த அந்தச் சலுகையைவிட அதிகமான மின்சாரம், இவ்வாகனத்துக்கு ஒரே வேளை உணவு.

அவர் சிரித்துவிட்டார். "உண்மைதான் ஐயா. எங்கள் ஸ்ரீரங்கம் கோயிலில் நடக்கமுடியாத முதியோரை ஏற்றிச் செல்வதும் மின்சார வண்டிதான். அதற்கு மலையேறத் தெரியாது, ஆனால் வேண்டியவர்களைச் சுமக்கிறது" என்றார்.

நல்ல வாகனம் வேண்டாம் என்று மார்க்கம் கூறவில்லை, சகோதரர்களே. பிராணிகளை நாம் ஏறிச் செல்வதற்கும் அழகுக்குமாகவே இறைவன் படைத்ததாகத் திருமறையின் நஹ்ல் அத்தியாயம் தெரிவிக்கிறது. வசதியான வாகனம் மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்பதும் நபிமொழியே. எனினும், வட்டிக்குக் கடன்பட்டு ஊரார் பார்வைக்காக வாங்கப்படும் வாகனம், எந்த எரிபொருளில் ஓடினாலும் நற்பேறு ஆகுமா?

திரும்பும்போது பாலத்தில் எங்களுக்கு முன்னால் ஒன்றாம் எண் நகரப் பேருந்து கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது. மாணவரின் தந்தை முழங்கால் வலியோடு தினமும் அதில்தான் கடைக்குப் போய்வருகிறார். "நீ வாங்கப்போகும் வண்டியில் முதலில் யார் ஏறுவார்?" என்று கேட்டேன். அவர் பதில் கூறவில்லை. அந்தப் பேருந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாகனம் வாங்க எண்ணும் ஒவ்வோர் இல்லத்திலும், மின்சாரமா, ஹைட்ரஜனா என்ற கேள்விக்கு முன்னால் இந்தக் கேள்வி எழட்டும். விரயமில்லாத நல்வாழ்வை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.