இருமுகத் துகளும் ரசாயன முறையும்

ஒரு பாதி நீரையும் மறுபாதி எண்ணெயையும் நாடும்படி அமைந்த சிலிக்கா முதலிய ஆக்சைடுத் துகள்களை விஞ்ஞானிகள் ஜேனஸ் என்னும் ரோமானிய இருமுகத் தேவதையின் பெயரால் வழங்குகிறார்கள். உலோக ஆவியை ஒரு புறமாகப் படியவைக்கும் பௌதிக முறையே இவற்றைச் செய்ய வல்லதென்றும், கரைசலில் நிகழும் ரசாயன வினை திசையறியாது எங்கும் பரவுவதாகையால் இவ்வேலைக்கு ஒவ்வாதென்றும் பலரும் சாதிப்பதுண்டு.

வினைக்குத் திசை தெரியாதென்பது மெய்யே. மறைத்து வைத்த பாதியை அது தீண்டாதென்பதும் மெய்யன்றோ? 1980களின் இறுதியில் பாரிஸில் கசாகிராண்டும் வெய்சியேயும், 50 முதல் 90 மைக்ரான் விட்டமுள்ள கண்ணாடி மணிகளின் ஒரு பாதியைச் செல்லுலோஸ் வார்னிஷால் மூடி, திறந்த பாதியில் நீண்ட கார்பன் சங்கிலியுடைய சிலேனைப் பிணைத்து, பின்னர் வார்னிஷைக் களைந்துவிட்டார்கள். பௌதிக விஞ்ஞானி டி ஜென் தமது 1991ஆம் ஆண்டு நோபல் உரையில் இம்மணிகளை எடுத்துப் பேசினார்.

அளவு போதாதென்பது அடுத்த ஆட்சேபம். ஒரு மைக்ரான் சிலிக்காத் துகள்களைத் தட்டையான தளத்தில் ஒற்றை அடுக்காக நெருக்கிப் பரப்பினால், ஒரு சதுர சென்டிமீட்டரில் தேறுவது மில்லிகிராமில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் தளம் வேண்டும். ஆவி முறைக்கும் இதே தளை உண்டென்பதை ஆட்சேபிப்போர் ஏனோ சொல்வதில்லை. 2006இல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக் கிரானிக்கும் சகாக்களும், உருகிய மெழுகையும் நீரையும் சிலிக்காவோடு கலக்கிப் பால்மமாக்கி, மெழுகுத் துளிகளின் மேற்பரப்பில் துகள்கள் ஒட்டிக்கொண்டதும் ஆறவிட்டு, வெளியே தெரிந்த பாதியை அமினோசிலேனால் மாற்றி, கடைசியில் மெழுகைக் குளோரோஃபாரத்தில் கரைத்தெடுத்தார்கள். ஒரு கிராம் மெழுகு 40 மைக்ரான் துளிகளானால் சுமார் 1,600 சதுர சென்டிமீட்டர் பரப்புக் கிடைக்கும். பாத்திரம் பெருகப் பரப்பும் பெருகும்.

மிதக்கும் துகள் சுழன்று எல்லைக்கோட்டைக் கலைத்துவிடாதா என்பார்கள். சுழலும், அதனால்தான் மெழுகு உறைந்த பிறகே வினையைத் தொடங்குகிறார்கள். துகள் மெழுகில் அமிழும் ஆழத்தைக்கூட, நேர்மின்னேற்றமுள்ள பரப்புப்பொருளின் அளவை மாற்றிச் சீர்செய்யலாமென அக்குழுவே பின்னர்க் காட்டிற்று. மிகச் சிறிய துகள்களில், அதாவது நூறு நானோமீட்டருக்குக் கீழே, எல்லையைக் கூர்மையாகக் காப்பது கடினமென்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஆவி முறையும் எளிதில் கைகொடுப்பதில்லை.

எண்ணெயையும் நீரையும் பிரியாது கலந்து வைக்க, சோப்பே செய்யும் காரியத்துக்கு இத்தனை பிரயாசை எதற்கென்று கேட்பவர்களும் உண்டு. சோப்பு மூலக்கூறு எண்ணெய்க்கும் நீருக்கும் இடைப்பட்ட எல்லையில் வருவதும் போவதுமாக இருப்பது. இரண்டிலும் சமமாக நனையும் பத்து நானோமீட்டர் ஆரத் துகளை அங்கிருந்து பெயர்க்கவோ, வெப்ப அசைவின் ஆற்றலைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு வேண்டும். சாதாரணத் துகளுக்கும் இப்பிடிப்பு உண்டெனினும், ஒரு திரவத்தையே அது மிகுதியாக நாடும்போது பிடிப்பு நழுவி அதனுள் சென்றுவிடுகிறது. இருமுகத் துகள் அந்நிலையிலும் எல்லையை விடாதென்றும், அதன் பரப்புச் செயற்றிறன் மூன்று மடங்கு வரை உயரக்கூடுமென்றும் பிங்க்ஸும் ஃப்ளெட்சரும் 2001இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.