ரசீதில் பெயர் இல்லாதவர்களுக்கு யார் திருப்பித் தருவது?

2000-2001ல் கலிபோர்னியாவின் மின்சாரச் சந்தையில் பகற்கொள்ளை நடந்தது. அந்த நாட்களில் என்ரான் நிறுவனத்தின் வணிகர்கள் இருவர் தொலைபேசியில் பேசிக்கொண்ட ஒலிப்பதிவு 2004ல் வெளியே வந்தது. ஏழைப் பாட்டிகளிடம் திருடிய பணத்தையெல்லாம் திருப்பிக் கேட்கிறார்களாமே என்கிறார் ஒருவர். ஆமாம், பாட்டி மில்லிக்கு இப்போது பணம் திரும்ப வேண்டுமாம் என்று ஆபாசமான சொற்களோடு பதில் சொல்கிறார் மற்றவர். மில்லி என்பது அவர்கள் கேலிக்கு வைத்த பெயர். ஆனால் கட்டணம் கட்ட முடியாமல் தவித்த முதியவர்கள் கற்பனை அல்ல.

இந்த ஒலிப்பதிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வணிகர்களின் திமிரைத்தான் கண்டிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வரக்கூடும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் சிரித்தார்கள். அப்படிச் சிரிக்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996ல் கலிபோர்னியா சட்டமன்றம் மின்சாரத்தைச் சந்தைக்குத் திறந்துவிடும் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. போட்டி வந்தால் விலை குறையும் என்றார்கள். கட்டண உச்சவரம்பு முதலில் நீங்கிய சான் டியாகோவில், 2000ஆம் ஆண்டு கோடையில் வீட்டுக் கட்டணம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆனது. 1999ல் மாநிலம் மொத்தமாக வாங்கிய மின்சாரத்தின் விலை 700 கோடி டாலருக்குச் சற்று மேல். அடுத்த ஆண்டு அது சுமார் 2,700 கோடி டாலர். மக்களின் மின் பயன்பாடு ஒரே ஆண்டில் நான்கு மடங்காகப் பெருகிவிடவில்லை.

பற்றாக்குறையில் ஒரு பகுதி உண்மையானது. அந்த ஆண்டு நீர் மின்சாரம் குறைந்தது, எரிவாயு விலை ஏறியது. மீதி, செயற்கையாக உருவாக்கப்பட்டது. மின்சாரத்தை மாநிலத்துக்கு வெளியே அனுப்பிவிட்டு, இறக்குமதி என்று சொல்லி உள்ளே கொண்டுவந்து அதிக விலைக்கு விற்றார்கள். கம்பிகளில் இல்லாத நெரிசலைக் கணக்கில் காட்டி, அதை நீக்கியதாகச் சொல்லிக் காசு வாங்கினார்கள். ஏதாவது காரணம் சொல்லி மின்நிலையத்தை நிறுத்தி வையுங்கள் என்று ஒரு வணிகர் நெவாடாவில் இருந்த நிலையத்தைக் கேட்டுக்கொண்ட ஒலிப்பதிவும் பின்னாளில் கிடைத்தது. கோடையைவிடத் தேவை வெகுவாகக் குறைந்திருந்த 2001 ஜனவரியில் சுழற்சி முறையில் ஊர்கள் இருட்டடிக்கப்பட்டன.

மக்கள் கொதித்தார்கள். திருப்பித் தரும் உத்தரவும் வந்தது. அது எப்படிப்பட்ட உத்தரவு என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

கலிபோர்னியா கேட்டது 890 கோடி டாலர். கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் நீதிபதி 2002 டிசம்பரில் ஒப்புக்கொண்டது 180 கோடி. அதுவும் மாநிலத்தின் தரப்பு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய 300 கோடி பாக்கியில் கழிந்துபோகும் என்றார். அடுத்த மார்ச்சில் ஆணையம் அந்தத் தொகையைச் சுமார் 330 கோடியாக உயர்த்தியது. கணக்கு தொடங்கிய தேதியோ 2000 அக்டோபர் 2. சான் டியாகோ மக்கள் வெந்த அந்தக் கோடை முழுவதும் கணக்குக்கு வெளியே நின்றது. முந்தைய மாதங்களின் முறைகேடுகளையும் ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல 2006 ஆனது. என்ரானோடு 2005ல் 150 கோடி டாலருக்கு உடன்பாடு என்று செய்தி வந்தது. அதில் பெரும்பகுதி, திவாலான நிறுவனத்திடம் வரிசையில் நின்று கேட்கும் உரிமை மட்டுமே.

அவர்களின் சிரிப்புக்கு அர்த்தம் இப்போது புரிகிறதா? திருட்டு நொடியில் நடக்கிறது, திருப்பித் தருவது தவணையில் நடக்கிறது. பாட்டிக்கு அவ்வளவு ஆயுள் இல்லை என்பது வணிகருக்குத் தெரியும்.

ரீஃபண்ட் என்பது ரசீதில் பெயர் உள்ளவரோடு முடிந்துவிடும் ஏற்பாடு. மின்வெட்டில் ஒருநாள் கூலியை இழந்தவருக்கு ரசீது கிடையாது. வாடகையோடு சேர்த்து மின்கட்டணம் கட்டியவருக்கும் கிடையாது. கட்டணத்தைக் கட்டுவதற்காக மருந்தை நிறுத்தியவர் எதைக் காட்டிக் கேட்பார்?

இதே என்ரான் நம் நாட்டுக்கும் வந்தது. மகாராஷ்டிராவின் தபோல் திட்டத்தை எதிர்த்த மீனவ கிராமமான வெல்தூரில் 1997 ஜூனில் விடியும் முன்பே போலீஸ் புகுந்து பெண்களை அடித்து இழுத்துச் சென்றது. அந்தப் போலீஸ் காவலுக்கு நிறுவனமே பணம் கொடுத்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1999ல் ஆவணப்படுத்தியது. மின்சார விலை தாங்காமல் மாநில மின்வாரியம் 2001ல் வாங்குவதை நிறுத்தியது, நிலையம் மூடப்பட்டது. வெல்தூர் பெண்களுக்கு எந்த ஆணையம் ரீஃபண்ட் கணக்குப் போட்டது?

கோபம் தவறான வாசலில் போய் நின்றதையும் சொல்ல வேண்டும். 2003 அக்டோபரில் கலிபோர்னியா மக்கள் ஆளுநர் கிரே டேவிஸைத் திரும்ப அழைத்து, நடிகர் அர்னால்ட் சுவார்செனேகரை உட்கார வைத்தார்கள். சந்தையைத் திறந்துவிட்ட சட்டத்தில் கையெழுத்திட்டவர் டேவிஸ் அல்ல, அவருக்கு முன்பிருந்த பீட் வில்சன். சந்தையிடமிருந்து தப்பிய இடம் ஒன்றும் இருந்தது. நகராட்சிக்குச் சொந்தமான மின்வாரியத்தை வைத்திருந்த லாஸ் ஏஞ்சலஸ் அந்தச் சந்தையில் சேரவில்லை, இருளிலும் மூழ்கவில்லை. அந்த வாரியமும் உபரியை அதிக விலைக்கு விற்றதாகக் குற்றச்சாட்டு உண்டு. பொதுத்துறை புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. அதைக் கேள்வி கேட்க மக்கள் கையில் வாக்குச்சீட்டு இருக்கிறது என்கிறேன்.

அண்ணல் அம்பேத்கர் இதை 1943லேயே விவாதத்துக்குக் கொண்டுவந்தார். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரம் அரசிடம் இருக்க வேண்டுமா தனியாரிடம் இருக்க வேண்டுமா என்பதை முதன்மைக் கேள்விகளில் ஒன்றாக வைத்தார். அது மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும் என்றார். 1947ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும் என்று எழுதினார்.

நாமோ எதிர்த்திசையில் நடந்துகொண்டிருக்கிறோம். இந்திய மின்சாரச் சந்தையில் 2022 மார்ச்சில் ஒரு யூனிட் 20 ரூபாயைத் தொட்டது. ஏப்ரலில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 12 ரூபாய் உச்சவரம்பு போட்டது. அதே ஆகஸ்டில் ஒன்றிய அரசு, ஒரே பகுதியில் பல நிறுவனங்கள் விநியோகிக்க வழிசெய்யும் திருத்த மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தது. வாரியம் தனியாரிடம் போனால் அங்கே இடஒதுக்கீடும் போகும் என்பதை நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் சப் மீட்டர் வைத்து, ஹவுஸ் ஓனர் சொல்லும் விலையைக் கட்டும் வாடகைக் குடும்பத்துக்கு அது பல இடங்களில் போய்ச் சேருவதில்லை. ரசீதில் அவர்கள் பெயர் இல்லை. சாதி கேட்டு வீடு மறுக்கப்படும் ஊரில், யார் பெயரில் இணைப்பு இருக்கிறது என்பது வெறும் அலுவலகக் கேள்வியா?

ரீஃபண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருடிய ஒவ்வொரு காசும் திரும்ப வர வேண்டும். ஆனால் திருடுவதற்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு திருப்பித் தரச் சொல்வது நீதி ஆகாது. அந்த மசோதா எந்த வடிவத்தில் வந்தாலும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: விலை ஏறும் நாளில் யாரிடம் போய் நிற்பது, ரசீதில் பெயரே இல்லாதவர் யாரிடம் போய் நிற்பது? இதற்குப் பதில் இல்லாத எந்தச் சீர்திருத்தத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை.