எதிர்காலத்தின் படிவத்தில் சாதிக்குக் கட்டம் இல்லை

சென்னையில் ஒரு நட்சத்திர விடுதியில் நடந்த கருத்தரங்குக்கு என்னை அனுப்பினார்கள். ‘தொழில் துறையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உலகப் பெரும்போக்குகள்’ என்று தலைப்பு. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போக வேண்டியவர் மேலாளர். அவருக்கு நேரமில்லை என்பதால் அந்த அடையாள அட்டை என் கழுத்துக்கு வந்தது.

திரையில் ஐந்து போக்குகள் வந்தன. காலநிலை மாற்றம், செயற்கை நுண்ணறிவு, மக்கள்தொகை மாற்றம், நகரமயமாக்கல், சீனாவிலிருந்து இடம் மாறும் உற்பத்தி. 1982-இல் ஜான் நைஸ்பிட் என்ற அமெரிக்கர் ‘மெகாடிரெண்ட்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அதற்குப் பிறகு ஆலோசனை நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பட்டியலைத் தூசு தட்டி விற்கின்றன. விற்கட்டும். கேள்வி நேரம் வந்தபோது நான் எழுந்து, “இந்தப் பட்டியலில் சாதி எங்கே வருகிறது?” என்று கேட்டேன். அரங்கில் லேசான சிரிப்பு. பேச்சாளர் மரியாதையாகவே பதில் சொன்னார்: “அது சமூகப் பிரச்சினை. நாம் இங்கே பிசினஸ் பேசுகிறோம்.”

மதியச் சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நின்றவர் கேட்டார்: “உங்களுக்கு நேட்டிவ் எந்த ஊரு?” சொன்னேன். “ஊர்ல எந்தப் பக்கம்?” திரையில் இல்லாத போக்கு, பிரியாணித் தட்டோடு என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

என் வாதம் இதுதான். அந்த ஐந்தும் உண்மையான போக்குகள்தான். ஆனால் அவை வெட்டவெளியில் வந்து இறங்குவதில்லை. ஏற்கெனவே வெட்டி வைத்த வாய்க்காலில்தான் ஓடுகின்றன, அந்த வாய்க்காலின் பெயர் சாதி. சாதி வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே படிநிலையில் பிரிப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இலேயே எழுதிவிட்டார். 90 ஆண்டுகள் கழித்தும் அது ‘பிசினஸ்’ இல்லையாம்.

பெரிய சொற்களை விட்டுவிட்டு என் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஆயா ஒரு நகராட்சியில் நிரந்தரத் துப்புரவுப் பணியாளர். அந்த வேலையை அவர் விரும்பிச் செய்யவில்லை. பிறந்த தெருதான் அதை அவருக்குக் கொடுத்தது. ஆனால் அதில் மாதச் சம்பளம் இருந்தது, வைப்பு நிதி இருந்தது, கடைசியில் ஓய்வூதியம் வந்தது. அந்த ஓய்வூதியத்தில்தான் நான் கல்லூரிக் கட்டணம் கட்டினேன். எங்கள் அத்தை இன்று அதே ஊரில் அதே வேலையைச் செய்கிறார். ஆயா கூட்டிய தெருக்களில் இரண்டு இப்போது அவருடைய பங்கு. ஆனால் அவர் நகராட்சியின் ஆள் இல்லை, ஒப்பந்ததாரரின் ஆள். ஒப்பந்தம் கைமாறும்போதெல்லாம் அத்தை ‘புதிதாக’ வேலைக்குச் சேர்கிறார். பத்தாண்டுக்கு மேல் கூட்டியும் அவருக்குப் பணிமூப்பு என்று ஒன்று கிடையாது.

‘அவுட்சோர்சிங்’ என்பது கருத்தரங்கில் ஒரு அம்புக்குறி. செலவு குறையும், திறன் கூடும் என்றார்கள். எங்கள் வீட்டில் அது அத்தை மகளின் கல்லூரிக் கட்டணம். தெருவில் என்ன மாறியது என்று பாருங்கள். குப்பை வண்டி பேட்டரியில் ஓடுகிறது, வருகைப் பதிவு செல்போனில் நடக்கிறது. வண்டியைத் தள்ளும் கையின் சாதி மட்டும் மாறவில்லை. வேலையின் இழிவு அப்படியே தங்கிவிட்டது. அந்த வேலையோடு ஒட்டியிருந்த ஒரே நல்ல விஷயமான அரசுப் பணி என்ற பாதுகாப்புதான் கழன்று விழுந்தது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் உட்கார்ந்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்பதுதான் கோரிக்கை. பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களைத் தூக்கிச் சென்றது. சமூகநீதி பேசும் ஆட்சியில்தான் இது நடந்தது. அந்த வாரம் நான் பார்த்த வணிகப் பக்கங்களில் இது ‘தொழில்’ செய்தியாக வரவில்லை. ஒரு மாநகராட்சி தன் வேலையை நிறுவனத்திடம் ஒப்படைப்பது தொழில் செய்தி இல்லையென்றால் வேறு எது?

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. இடஒதுக்கீடு அரசு வேலையில் இருக்கிறது. வேலைகளோ அரசிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கின்றன. பொதுத்துறை விற்கப்படுகிறது, மிச்சமிருப்பது ஒப்பந்தமாகிறது. சட்டத்தில் ஒரு வரியைக்கூட நீக்காமல் இடஒதுக்கீட்டை ஒழிக்க இதைவிட அமைதியான வழி கிடையாது. 2004-இல் மத்தியக் கூட்டணி அரசின் பொது வேலைத்திட்டம் தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிப் பேச்சுவார்த்தை நடத்துவோம் என்றது. 2006-இல் தொழிலதிபர்களின் குழு, சட்டமெல்லாம் வேண்டாம், நாங்களே விரும்பிச் செய்கிறோம் என்றது. இருபது ஆண்டுகளாக அந்த விருப்பத்துக்காகக் காத்திருக்கிறோம்.

“தனியாரில் திறமைதான் பேசும்” என்பார்கள். பேசட்டும், கேட்போம். சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே படிப்பு, ஒரே தகுதி. பெயர் மட்டும் வேறு. தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அங்கே திறமை இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் பெயர் பேசி முடித்துவிட்டது.

அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். எல்லோரும் சாதி பார்ப்பதில்லை என்றார்கள். ஆனால் கிட்டத்தட்ட எல்லோருமே நேர்முகத்தில் ‘குடும்பப் பின்னணி’ கேட்பதாகவும் சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் முதல் நேர்முகத்தில் கேட்ட மூன்றாவது கேள்வி, “ஃபாதர் என்ன பண்றாரு?” அதற்கு மட்டும் நான் ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். இன்று மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அதே கேள்வியை என் சக ஊழியர்கள் கேட்கும்போது எதிரில் இருக்கும் பிள்ளையின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

மேலே போனால் காற்று இன்னும் மெலிகிறது. 1,000 முன்னணி நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான கட்டுரையின்படி, இயக்குநர்களில் சுமார் 93 விழுக்காடு முன்னேறிய சாதியினர். பிற்படுத்தப்பட்டோர் 3.8, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5. நாட்டின் பெரும்பான்மை மக்கள் 8 விழுக்காட்டுக்குள் அடக்கம். இதற்குப் பெயர் திறமை என்றால் அந்தத் திறமைக்குக் கோத்திரம் இருக்கிறது.

இனி ஆளெடுப்பைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும், அதற்குச் சாதி தெரியாது என்கிறார்கள். அமேசான் உருவாக்கிய ஆளெடுப்புக் கருவி ஒன்று பெண்களைக் கழித்துக்கட்டியதை 2018-இல் உலகமே படித்தது. பெண்ணைக் கழி என்று அதற்கு யாரும் கட்டளை போடவில்லை. பழைய விண்ணப்பங்களிலிருந்து அது தானே கற்றுக்கொண்டது. நம் நிறுவனங்களின் பழைய விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினால் அது எதைக் கற்கும்? ஊர்ப் பெயர், அப்பா பெயர், படித்த கல்லூரி, முகவரியில் இருக்கும் ‘காலனி’ என்ற ஒரு சொல். நம் ஊர் மேலாளருக்குக் குறைந்தபட்சம் கூச்சமாவது இருக்கும். இயந்திரத்துக்கு அதுவும் கிடையாது.

தொழில்நுட்பம் தன் போக்கில் விடுதலை கொண்டுவரும் என்று நம்பும் தோழர்கள் சாக்கடையை எட்டிப் பார்க்க வேண்டும். கேரளத்தில் 2018-லேயே ஆள்நுழைக் குழியைச் சுத்தம் செய்யும் ரோபோ வந்துவிட்டது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-இல் ஒன்று, 2013-இல் இன்னொன்று. பாதாளச் சாக்கடையில் இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. இயந்திரமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. ஆனாலும் குழிக்குள் மனிதன்தான் இறங்குகிறான். ஏனென்றால் சாதி அவனை இயந்திரத்தைவிட மலிவாக்கி வைத்திருக்கிறது. மனிதன் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் எந்த முதலாளியும் இயந்திரம் வாங்க மாட்டான். ஒரு தொழில்நுட்பம் எங்கே வரும், எங்கே வராது என்பதையே சாதி தீர்மானிக்கும்போது, அது எப்படி ‘பிசினஸ்’ இல்லாமல் போகும்?

சீனாவிலிருந்து இடம் மாறும் உற்பத்தி பற்றியும் பேசியாக வேண்டும். என் சம்பளமே அதிலிருந்துதான் வருகிறது. திருப்பெரும்புதூரும் ஒரகடமும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலங்கள் பிறந்தன. அவற்றில் பெரும்பகுதி யார் கைக்குப் போனது என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. அவற்றை மீட்கக் கேட்டதற்காக 1994-இல் காரணையில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். இன்று அதே மண்ணில் ஏக்கர் விலை கோடியைத் தொடுகிறது. நிலம் வைத்திருந்தவர் விற்றுக் கார் வாங்கினார், லாரி விட்டார், தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர் ஆனார். நிலமில்லாத சேரியின் பிள்ளை அந்த ஒப்பந்ததாரரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தான். உலகச் சந்தை ஊருக்குள் நுழைந்தபோது ஊர் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது, சேரியும் அங்கேயே.

நாம் கடல் தாண்டினால் சாதியும் கூடவே விமானம் ஏறுகிறது. சிஸ்கோ நிறுவனத்தில் சாதிப் பாகுபாடு என்று 2020-இல் கலிஃபோர்னியா அரசுத் துறையே வழக்குப் போட்டது. சியாட்டில் நகரம் 2023-இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்க நகராட்சிக்குப் புரிகிற விஷயம் கிண்டியில் இருக்கும் நிறுவனத்துக்குப் புரியாதா? புரியும். புரிவதால்தான் எண்ண மறுக்கிறார்கள்.

எண்ணுவதைப் பற்றித்தான் நான் கடைசியாகச் சொல்ல வந்தது. இது என் அன்றாட வேலை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து ‘செபி’க்கு ஆண்டுதோறும் ஒரு பொறுப்பறிக்கை தர வேண்டும். அதில் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எத்தனை மாற்றுத்திறனாளிகள் என்று கட்டங்கள் உண்டு. எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், எவ்வளவு கரியமிலம் விட்டோம் என்பதற்கும் உண்டு. ஊழியர்களின் சாதிக்கு மட்டும் கட்டம் இல்லை. ஆனால் அதே படிவத்தின் பின்பகுதியில், நிறுவனத்தின் சமூகப் பொறுப்புத் திட்டங்களால் பயன்பெற்றவர்களில் ‘விளிம்புநிலைப் பிரிவினர்’ எத்தனை விழுக்காடு என்று கேட்கிறார்கள். நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளும் கையாக நாங்கள் கணக்கில் வருகிறோம். சம்பளம் வாங்கும் ஆளாக வருவதில்லை.

அமெரிக்காவில் 100 பேருக்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் 1960-களிலிருந்தே ஊழியர்களின் இனவாரிக் கணக்கை அரசுக்குத் தருகின்றன. வட அயர்லாந்தில் 1989-ஆம் ஆண்டுச் சட்டம், எத்தனை கத்தோலிக்கர், எத்தனை புராட்டஸ்டண்ட் என்று முதலாளிகளை எண்ண வைத்தது. அங்கெல்லாம் முதலீடு ஓடிப்போய்விடவில்லை.

எனவே ‘செபி’ படிவத்தில் சாதிவாரிக் கட்டம் வேண்டும். ஒன்றிய அரசு செய்யாவிட்டால் தமிழ்நாடு தன் பங்குக்குச் செய்யலாம். சிப்காட் நிலம், மின்சாரச் சலுகை, மூலதன மானியம் எல்லாம் நம் வரிப்பணம். இவற்றை வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர், மேலாளர், இயக்குநர் என்ற நான்கு நிலைகளிலும் சாதிவாரிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்த்தால் போதும். இடஒதுக்கீட்டுச் சட்டம் அதற்கு அடுத்த படி. முதல் படிக்கு அரசியல் சாசனத் திருத்தம்கூடத் தேவையில்லை.

அதே கருத்தரங்கு மறுபடியும் நடக்கப்போவதாகப் போன வாரம் மின்னஞ்சல் வந்தது. கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒன்றை அனுப்பியிருக்கிறேன்: “உங்கள் நிறுவனத்தில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களைத் தவிர்த்து எத்தனை தலித்துகள் வேலை செய்கிறார்கள்?”