இறைச்சியை விட்ட பிறகு



2009இல் வன்னியிலிருந்து முகாம் வழியாக, பிறந்த ஊரான பன்விலப் பக்கம் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து இறைச்சி வாடையே எனக்கு ஆகவில்லை. காரணத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிறகு மீனையும் கருவாட்டையும் விட்டுவிட்டேன்.

"கருவாடு கூட இல்லாம மலையேறிக் கொழுந்து எடுக்க ஏலுமா புள்ள?" என்று பெரியம்மா கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார்.

அந்தப் பயம் பலித்தது. காலையில் ரொட்டியும் சம்பலும், மதியம் சோறும் தண்ணீர்ப் பருப்பும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் சூடாகச் சாயத்தண்ணீர். சில மாதங்களில் மலையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். கிளினிக்கில் குருதிச்சோகை என்றார்கள்.

குடும்பநல மாது ஏசவில்லை. "இறைச்சியை விட்டது பிழையில்லை. அதற்குப் பதிலாக என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையோடு சில விடயங்களையும் கற்றுக்கொண்டேன். கீரை, பருப்பு வகைகளில் உள்ள இரும்புச்சத்து, இறைச்சியில் உள்ளதைப்போல உடலில் எளிதில் சேராது. தேசிக்காயும் கொய்யாவும் அதைச் சேர்க்க உதவும், தேநீர் தடுக்கும். ஆகவே சாப்பாட்டுக்கும் சாயத்தண்ணீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுகிறேன். கடலை, கௌபி, பயறு ஏதாவது ஒன்றை இரவில் ஊறப் போடுகிறேன். முருங்கைக்கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிகிறேன். பி12 விற்றமின் மரக்கறியில் கிடைக்காது. அதற்காகப் பாலும் முட்டையும் எடுக்கிறேன். அவற்றையும் விடுபவர்கள் மாத்திரை பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

காசுதான் அடுத்த தடை. 2022 செப்டெம்பரில் உணவு விலைகள் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காகின. அப்போது எங்கள் லயத்துக்கு லயத்தின் பின்னால் நின்ற பலாமரமே சோறு போட்டது. காயைக் கறியாக்கினோம், கொட்டையை அவித்தோம். நாடெங்கும் பலா நடச் செய்த ஆர்தர் வி. டயஸைச் சிங்கள மக்கள் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்று ஏன் அழைத்தார்கள் என்பது அன்று விளங்கியது.

இப்போது பெரியம்மாவே பலாக்கொட்டைக் கறிக்குக் கிண்ணத்தோடு வருகிறார். கருவாட்டை அவர் விடவில்லை; நானும் விடச் சொல்லவில்லை.

சகோதரிகளே, நீங்கள் எதைச் சாப்பிட்டாலும், நாளை முதல் சாயத்தண்ணீரை மட்டும் கொஞ்சம் பிந்திக் குடித்துப் பாருங்கள்.