அட்வான்சோடு மாயமாகும் காண்டிராக்டர்கள்! வீடு பழுது பார்ப்பவர்கள் ஏமாறுவது எப்படி?

சென்னை,

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒழுகும் மொட்டை மாடியைச் சரி செய்துவிட வேண்டும் என்று சென்னைவாசிகள் ஆண்டுதோறும் பரபரக்கிறார்கள். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. முன்பணம் வாங்கிய காண்டிராக்டர், பழைய தளத்தைக் கொத்திப் போட்டதோடு சரி. அப்புறம் ஆளையே காணோம். போன் போட்டால் "சுவிட்ச் ஆப்".

பி.எப். பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்து வேலையில் இறங்கியவர் பாடு திண்டாட்டம். பழைய தளமும் போச்சு, புதுத் தளமும் வரவில்லை. முதல் மழையிலேயே தண்ணீர் கூடத்துக்குள் இறங்குகிறது.

இப்படி ஓடுகிறவர்கள் எல்லோரும் பிறவி மோசடிக்காரர்களா? அதுதான் இல்லை.

சனிக்கிழமை சம்பளம்

சின்ன காண்டிராக்டர் பலரிடம் கைமுதல் கிடையாது. ஆனால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி கொடுத்தாக வேண்டும். என்ன செய்வார்? புது வீட்டில் வாங்கிய அட்வான்சை எடுத்து, பழைய வீட்டு ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான்.

அடுத்தடுத்துப் புது வேலை வரும்வரை வண்டி ஓடும். ஒரு மாதம் வேலை கிடைக்காவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். கடைசியாகப் பணம் கொடுத்த வீட்டுக்காரர் தலையில் துண்டு விழும்.

பணமுடையில் இருப்பவர்தான் எப்படியாவது வேலையைப் பிடிக்க ரேட்டைக் குறைத்துச் சொல்வார். மூன்று பேரிடம் விலை கேட்டு, அதில் ஒருவர் மட்டும் ரொம்பக் குறைத்துச் சொன்னால் அதை அதிர்ஷ்டம் என்று நினைக்கக்கூடாது. கொத்திய கழிவை அள்ளுவது, சாரம் கட்டுவது, சுவர்ப்பூச்சு இதையெல்லாம் கணக்கில் விட்டிருப்பார். பாதி வேலையில் "அது எக்ஸ்ட்ரா சார்" என்பார்.

எங்கே விசாரிப்பது?

செல்போனில் காட்டுகிற படங்களை நம்பிப் பயனில்லை. விசாரிக்க மூன்று இடங்கள் உண்டு.

ஒன்று, இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு அவர் வேலை முடித்த வீடு. ஒழுகலா இல்லையா என்பதை அந்த வீட்டுக்காரரே சொல்லிவிடுவார்.

இரண்டு, இப்போது வேலை நடக்கும் இடம். டீ குடிக்கும் நேரத்தில் ஆட்களிடம் "போன சனிக்கிழமை சம்பளம் வந்ததா?" என்று கேட்டால் போதும்.

மூன்று, அவர் வாடிக்கையாகச் சரக்கு எடுக்கும் சிமெண்டு கடை. கடைக்காரர் முகம் சுளித்தால் பாக்கி நிற்கிறது என்று அர்த்தம்.

பணம் கொடுக்கிற முறை

அட்வான்ஸ் சிறு தொகையாக இருக்கட்டும். சிமெண்டையும் டைல்சையும் வீட்டுக்காரரே பில்லோடு வாங்கிப் போடுவது நல்லது. சிமெண்டு மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டிய மூட்டை வேண்டாம். கிடக்கக் கிடக்க பலம் குறைந்துவிடும்.

மீதிப் பணத்தை வேலை முடிய முடியக் கொடுக்க வேண்டும். மாடி வேலை முடிந்ததும் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். கீழே ஓதம் தெரியாவிட்டால்தான் கடைசித் தவணை.

சட்டம் என்ன சொல்கிறது?

போலீஸ் நிலையத்துக்குப் போனால், "இது சிவில் விவகாரம்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டினால்தான் மோசடி வழக்கு நிற்கும். பாதியில் விட்டது மட்டும் மோசடி ஆகாது என்று கோர்ட்டுகள் பலமுறை சொல்லியுள்ளன. சனிக்கிழமை சம்பளத்துக்காகப் பணத்தைப் புரட்டியவர் மீது அதை நிரூபிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் அடுக்குமாடி வீடு வாங்குபவருக்குத் துணை நிற்கிறது. சொந்த வீட்டுப் பழுது வேலைக்கு அந்தச் சட்டப்படி பதிவு தேவையில்லை.

மிச்சமிருக்கும் வழி 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து முதலில் புகார் கூறலாம்.

ஆனால் அங்கே சாட்சி வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்து, வாயால் பேசி முடித்தவரிடம் காட்ட என்ன இருக்கும்? என்ன வேலை, எந்தக் கம்பெனிச் சரக்கு, எத்தனை நாளில் முடியும், எப்போது எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும்.

நாணயமான காண்டிராக்டர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. அவர்கள் இந்தத் தாளில் கையெழுத்துப் போடத் தயங்குவதில்லை. தயங்குகிறவரிடம் அட்வான்சைக் கொடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.