ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் எவ்வளவு தூரம்?

தூரத்தை வேகத்தால வகுத்தா நேரம் வந்துடும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்க. விமானத்துக்கு அந்தக் கணக்கு உதவாதுங்கறது நம்ம கட்சி.

ஃபின்லாந்தோட ஹெல்சிங்கியையும் ஜப்பானோட டோக்கியோவையும் எடுத்துக்குவோம். நடுவுல சுமார் 7,800 கி.மீ. சுவத்துல மாட்டின வரைபடத்துல ஸ்கேல் வச்சுக் கோடு போடாதீங்க. உலக உருண்டையில ஒரு நூலை இழுத்துப் பிடிங்க, சைபீரியா மேலயே போகும். அந்த வழியில பயணம் சுமார் ஒன்பதரை மணி நேரம்.

2022 பிப்ரவரியில ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்துச்சு. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்க வானத்தை மூட, பதிலுக்கு ரஷ்யாவும் மூடிடுச்சு. இப்போ அதே பயணம் கிட்டத்தட்ட 13 மணி நேரம். ஃபின்ஏர் விமானம் ஒண்ணு வட துருவத்துப் பக்கமா ஏறி அலாஸ்காவை ஒட்டி வரணும், இல்லைன்னா தெற்கே கஜகஸ்தான், சீனான்னு சுத்தணும். ஊர் ரெண்டும் ஒரு அடிகூட நகரலை மக்களே!

பக்கத்து வயக்காரன் வரப்புல நடக்க விடற வரைக்கும்தான் கிணறு கிட்டக்க இருக்கும். அவன் முள்ளு வெட்டிப் போட்டா ஏரியைச் சுத்தித்தான் போகணும். அப்ப கிணறு எவ்வளவு தூரம்னு நில அளவைக்காரர் சொல்ற கணக்கை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

இது புதுசும் இல்லை. சோவியத் வானம் மூடிக்கிடந்த காலத்துல, 1957லயே எஸ்.ஏ.எஸ். நிறுவனம் கோபன்ஹேகன்ல கிளம்பி, துருவப் பாதையில அலாஸ்காவோட ஆங்கரேஜ்ல எண்ணெய் போட்டுக்கிட்டு டோக்கியோ போச்சு. 1983ல ஃபின்ஏர் டி.சி.10 விமானத்தை வச்சு ஹெல்சிங்கியிலேர்ந்து நிக்காமலே துருவம் சுத்திப் போச்சு. அப்புறம் சைபீரிய வழி திறந்ததும், ஆசியாவுக்குக் குறுக்கு வழி எங்க ஊருதான்னு ஃபின்ஏர் கடை விரிச்சுது. ஆனா அது பூகோளம் கொடுத்த வரம் இல்லை, ரஷ்யாவுக்குக் கட்டணம் கட்டி வாங்கின அனுமதி. 1944 சிகாகோ ஒப்பந்தப்படி அவங்கவங்க வானம் அவங்கவங்களுக்குச் சொந்தம்.

நமக்கும் இது தூரத்துச் சங்கதி இல்லை. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடினதும், டெல்லியிலேர்ந்து மேற்கே போற விமானங்கள் அரபிக்கடல் பக்கமா சுத்த வேண்டியதாச்சு.

சுத்திப் போறது தப்புன்னு நான் சொல்லலை. 2014ல கிழக்கு உக்ரைன் மேல பறந்த மலேசிய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினப்போ 298 உயிர் போச்சு. அதுக்கு மூணரை மணி நேரம் கூடுதலா உக்கார்றது எவ்வளவோ மேல்.

நான் சொல்றது இவ்வளவுதான். ரெண்டு ஊருக்கு நடுவுல எத்தனை கி.மீ.ன்னு மட்டும் கேட்டா அது பாதிக் கேள்வி. நடுவுல யார் யார் வானம் இருக்கு, அவங்களோட பேச்சு வார்த்தை இருக்கான்னும் சேர்த்துக் கேளுங்க. சண்டைக்கான பில்லு எண்ணெயாவும் நேரமாவும் கடைசியில டிக்கெட் எடுக்கறவன் தலையிலதான் விடியுது.